வட்டமாக நின்று பாடிய பாட்டு

கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் தெருக்காரர்களுக்கு ஜனவரி முதல் தேதி சாயங்காலம் ஒரு டீ பார்ட்டி உண்டு. பெயர்தான் பார்ட்டி. பாதிப் பேர் ரயில்வே, மீதிப் பேர் வாத்தியார்கள். சர்ச் மைதானத்தில் பெஞ்சுகளை இழுத்துப் போட்டு, ஆளுக்கு ஒரு துண்டு கேக், இரண்டு முறுக்கு, டீ. கடைசியில் எல்லோரும் வட்டமாக நின்று கைகோத்துக்கொண்டு, பழைய சிநேகிதர்களை நினைத்துப் பாடும் அந்த இங்கிலீஷ் பாட்டைப் பாடுவோம்.

அதில் பாதி வார்த்தைகள் யாருக்கும் புரியாது. கணக்கு வாத்தியாரான என் அப்பாவுக்கும் புரியாது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அவர்தான் எடுத்துக் கொடுப்பார். கைகளைக் குறுக்கே மாற்றிப் பிடிப்பது கடைசி அடிக்குத்தான். யாராவது முன்னாலேயே மாற்றிவிட்டால், பாட்டை நிறுத்தி, தப்புக் கணக்கு போட்ட பையனைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்.

எங்கள் சபையில் யாரோ அதே மெட்டுக்குத் தமிழ் வார்த்தைகள் எழுதி, சபைப் பாட்டுப் புத்தகத்திலும் சேர்த்திருந்தார்கள். அதைக் கல்லறைத் தோட்டத்தில், பெட்டியைக் குழிக்குள் இறக்கும்போது பாடுவார்கள். புத்தாண்டுக்கும் சாவுக்கும் ஒரே மெட்டு. அது யாருக்கும் உறுத்தியதில்லை. எனக்கும் உறுத்தவில்லை, அண்ணன் சாகும்வரை.

அண்ணனுக்கு இருபத்திமூன்று வயது. கிண்டியில் ஒரு கம்பெனியில் வேலை. நவம்பர் மழையில் டைபாய்டு வந்து பன்னிரண்டே நாளில் போய்விட்டான். அம்மா அழவே இல்லை. சமைத்தாள், துவைத்தாள், டிசம்பர் முழுக்க யாரிடமும் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. அந்த மெட்டு காதில் விழுந்தால் அம்மா உடைந்துபோவாள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

"இந்த வருஷம் அந்தப் பாட்டு வேணாம்ப்பா" என்று அப்பாவிடம் சொன்னேன்.

"வருஷா வருஷம் பாடறதை எப்படிம்மா நிறுத்தறது? நாலு பேரு என்ன நினைப்பாங்க?"

அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால். நானும் அவர் பெண்தானே. அந்தக் கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டில் பலகாரம் கிடையாது. தட்டு கொடுக்கப் போகிறேன் என்ற சாக்கும் இல்லை. வெறுங்கையோடு வீடு வீடாகப் போனேன். அப்பா ஆரம்பித்தாலும் நீங்கள் பாடாதீர்கள், அம்மா தாங்கமாட்டாள் என்று கேட்டுக்கொண்டேன். எதிர்வீட்டில் ரிட்டயர் ஆன ரயில்வே கார்டு மாமா இருந்தார். "கரெக்டும்மா. நாங்களும் அதான் பேசிக்கிட்டோம். சார்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல" என்றார். ஒரு வீடு பாக்கியில்லாமல் ஒப்புக்கொண்டார்கள். அம்மாவைக் கேட்டாயா என்று யாரும் கேட்கவில்லை. நானும் அம்மாவைக் கேட்கவில்லை. பதினெட்டு வயதில் சரியான முந்திரிக்கொட்டை நான்.

முதல் தேதி பார்ட்டிக்கு அம்மா வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். நாலு மணிக்கே வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். மைதானத்தில் கேக்கையும் டீயையும் தொடவில்லை. வட்டம் கூடியதும் அப்பாவின் பக்கத்தில் போய் நின்றாள். அவளுக்கு மறுபக்கம் நான்.

அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தார். ஒருவரும் சேர்ந்துகொள்ளவில்லை. எல்லோரும் தரையைப் பார்த்தபடி நின்றார்கள். அவருடையது சுமாரான குரல், கூட்டம் சேர்ந்தால்தான் எடுபடும். இரண்டாவது அடியையும் தனியாகவே பாடினார். மூன்றாவதில் தடுமாறி நின்றுவிட்டார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. ஆனாலும் அம்மா தப்பித்தாள் என்று ஒரு நிம்மதி.

அம்மா எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். "ஏன் யாரும் பாடல?"

கார்டு மாமா என்னைப் பார்த்தார். வேறு வழியில்லை.

"நான்தாம்மா வேணாம்னு சொன்னேன். நீ தாங்கமாட்டேன்னு..."

"உன்னை யாருடி கேட்டா?" அம்மா கத்தவில்லை. "பொம்பளைங்க கல்லறைக்கு வரக்கூடாதுன்னு அன்னைக்கு என்னை வீட்டுலயே உட்கார வெச்சிட்டீங்க. நீங்க எல்லாரும் என் பிள்ளைக்குப் பாடிட்டு வந்தீங்க. நான் பாடல. இன்னைக்காவது பாடலாம்னுதான் இத்தனை நாளா காத்துக்கிட்டு இருக்கேன்."

சொல்லிவிட்டு அவளே ஆரம்பித்தாள். தமிழ் வார்த்தைகளை. கார்டு மாமா முதலில் சேர்ந்துகொண்டார், பிறகு ஒவ்வொருவராக எல்லோரும். அப்பாவின் வாய் மட்டும் அசைந்தது, குரல் வரவில்லை.

அண்ணனை அடக்கம் செய்த அன்று வீட்டில் உட்கார்ந்திருந்தவர்களில் நானும் ஒருத்தி. வார்த்தைகள் எல்லாம் எனக்குத் தெரியும். வாயைத் திறக்கத்தான் முடியவில்லை. அம்மா என் கையை வலிக்கிற மாதிரி இறுக்கினாள்.

"பாடுடி. உன் அண்ணன்டி."