பதில் சொல்லாத பட்டன்

பெரம்பலூரில் வீட்டிலிருந்தபடியே வெப்சைட் செய்து கொடுப்பது என் வேலை. வேப்பந்தட்டைப் பக்கம் மக்காச்சோளம் அடிக்கும் மெஷின் வைத்திருக்கும் ஒரு அக்காவுக்கு, விவசாயிகள் போனிலேயே முன்பதிவு செய்ய ஒரு வெப் பக்கம் செய்து கொடுத்திருந்தேன். பெயர், ஊர், எத்தனை ஏக்கர், கீழே ஒரு பட்டன்.

அறுவடை தொடங்கிய வாரமே அக்கா போன் செய்தார்.

“ஏம்மா, ஒரே ஆளு அஞ்சு தடவை பதிஞ்சிருக்காரு. அஞ்சு வயலு போலன்னு அஞ்சு நாளை ஒதுக்கிட்டேன். மத்தவங்களை இல்லைன்னுட்டேன். இப்பக் கேட்டா, ஒரே வயலுதாங்கறாரு!”

என் கம்ப்யூட்டரில் எத்தனை முறை சோதித்தும் கோளாறு தெரியவில்லை. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். அக்கா ஸ்கூட்டரில் வந்து அந்த விவசாயியின் வயலுக்கு அழைத்துப் போனார்.

“இன்னொரு தடவை பதிஞ்சு காட்டுங்கண்ணே” என்றேன்.

ஒற்றை விரலால் நிதானமாகத் தட்டி பட்டனை அமுக்கினார். அங்கே சிக்னல் பேருக்குத்தான். பக்கம் அசையாமல் நின்றது. மறுபடி அமுக்கினார். மறுபடியும்.

“ஒண்ணும் சொல்ல மாட்டேங்குதேம்மா. போச்சா போவலையான்னு எனக்கு எப்படித் தெரியும்?”

எனக்கு வெட்கமாகிவிட்டது. அவர் கேட்டது நியாயம்தான்.

மோட்டார் கொட்டகை நிழலிலேயே உட்கார்ந்தேன். பக்கம் மாறாமல், பின்னால் தகவலைக் கொண்டுபோகும் வேலையை, போனுக்குள்ளேயே ஓடும் ஜேக்வெரி நிரலிடம் கொடுத்தேன். ஒருமுறை அமுக்கியதும் பட்டன் பூட்டிக்கொண்டு ‘அனுப்புகிறோம், பொறுங்க’ என்று காட்டும். சர்வரில் ஓடும் பிஎச்பி நிரல் அதைப் பதிந்துவிட்டுப் பதில் அனுப்பினால், அது பட்டனுக்குக் கீழே தெரியும்.

முதல் முயற்சியில் பக்கம் மொத்தமும் புதிதாகத் திறந்து, அண்ணன் தட்டியதெல்லாம் காணாமல் போனது. பட்டனை அமுக்கியதும் பக்கம் புதிதாகத் திறக்கும் பழைய பழக்கத்தை நிறுத்தும் ஒரு வரியை எழுத மறந்திருந்தேன்.

“முன்னாடி எழுதுனதாவது நின்னுச்சு. இப்ப அதையும் தொடைச்சு வுட்டுட்டியே!” என்று அக்கா சிரித்தார்.

அந்த வரியைச் சேர்த்துக் கொடுத்தேன். அண்ணன் அமுக்கினார். பொறுத்தார். ‘பதிவாகிவிட்டது’ என்று வந்தது.

“சரி, மெஷின் என்னைக்கு வரும்?”

அக்காவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அது எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. அக்கா அவருடைய பழைய பதிவுகளை எல்லாம் நீக்கினார். அடுத்த காலி நாளைத் தேடிப் பதிலோடு அனுப்பும்படி நான் பிஎச்பியைத் திருத்தினேன். அண்ணன் மறுபடி பதிந்தார்; இம்முறை பதில் கிழமையோடு வந்தது. அண்ணன் அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, வரப்புக்கு அந்தப் பக்கம் நின்றவரைக் கூப்பிட்டார்.

“யோவ், போனை எடுத்துட்டு வாய்யா, நான் போட்டுத் தரேன். ஒரு தடவைதான் அமுக்கணும், அதுவே சொல்லும்!”

நாங்கள் கிளம்பும்போது அவரைச் சுற்றி மூன்று பேர் நின்றிருந்தார்கள். அக்கா ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே சொன்னார்: “இனிமே உன்னைக் கூப்பிட வேண்டியதில்லை போல. வா, டீ குடிச்சிட்டுப் போலாம்.”