உட்கார்ந்து எழுந்து பார்த்தவர்

லூர்து அக்கா இறந்த செய்தி எங்கள் அறக்கட்டளையின் வாட்சாப் குழுவில்தான் வந்தது. ‘நம் அறக்கட்டளையின் தூண் சாய்ந்தது’ என்று எழுதி, இரண்டு பக்கமும் ரோஜாப்பூ வைத்துச் செயலாளர் அனுப்பியிருந்தார். போன வருடம் அதே குழுவிலிருந்து அக்காவை நீக்கியவரும் அவர்தான். துக்கம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது அருவருப்பு.

அக்காவை அறியாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். திண்டுக்கல்லில் தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். அறுபது வயது கடந்தவர்களை இரண்டு மூன்று நாள் வெளியூர் கூட்டிப்போய், பார்க்கிற இடத்தைப் பற்றி உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கும் எங்கள் அறக்கட்டளைக்கு அவர்தான் பொருளாளர். கல்லூரியில் வரலாறு நடத்திய நான் அங்கே விளக்கம் சொல்கிறவன். ஏழு அறங்காவலர்களில் நானும் ஒருவன்.

ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் அக்கா தன் செலவில் அரசுப் பேருந்து ஏறி அந்த ஊருக்குப் போய்வருவார். தங்கும் விடுதியின் படிகளை எண்ணுவார். கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, உட்கார்ந்து எழுந்து பார்ப்பார். திரும்பி வந்து, “உக்காந்து எந்திரிச்சுப் பாத்துட்டேன் தம்பி, முடியுது. ஒங்க ராசா கதையெல்லாம் அப்புறம் சொல்லுங்க” என்பார். நான் சிரிப்பேன். அப்போது எனக்கு முழங்கால் வலி ஆரம்பிக்கவில்லை.

வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைகளில் வேலை பார்த்து நின்றுவிட்ட பெண்கள் இருபத்தாறு பேர், தூத்துக்குடிக்குப் போய்க் கப்பல் பார்க்க வேண்டும் என்று மாதாமாதம் எங்களிடம் பணம் கட்டினார்கள். அதற்கு ‘முன்னாய்வு’ என்று ஒன்றைச் செயலாளர் கண்டுபிடித்தார். அக்கா தனியாளாகச் செய்துவந்த காரியத்தை நாங்கள் ஆறு பேர், மனைவிமாரோடு, ஏசி வேனில் போய்ச் செய்தோம். தூத்துக்குடியில் ஓர் இரவு, அங்கிருந்து கேரளத்துக் கோவளத்தில் இரண்டு இரவு. கோவளத்தில் எதை ஆய்வு செய்தோம் என்று கேட்காதீர்கள். மீன் வறுவல் நன்றாக இருந்தது.

அந்தச் செலவைப் பெண்கள் கட்டிய பணத்திலிருந்தே எடுத்துக்கொள்ள ஒப்புதல் கேட்டு அடுத்த கூட்டத்தில் தீர்மானம் வந்தது. அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “விடுதிக் கக்கூஸ்ல புடிச்சு எந்திரிக்கக் கம்பி இருந்துச்சா?”

“அக்கா, இது போர்டு மீட்டிங். இங்க கக்கூஸ் பேச்செல்லாம் எதுக்கு?” என்றார் செயலாளர்.

“அதப் பாக்கத்தானே அப்பு போனீக?”

அக்கா கையெழுத்துப் போடவில்லை. நாங்கள் ஆறு பேரும் போட்டோம்.

மிச்சப் பணத்தில் தூத்துக்குடி கட்டுப்படியாகவில்லை. அந்தப் பெண்களைத் திண்டுக்கல் பக்கத்திலேயே இருக்கும் ஆத்தூர் அணைக்குக் கூட்டிப்போய், புளியோதரைப் பொட்டலம் கொடுத்து, நீர்த்தேக்கத்தைப் பற்றி என்னைப் பேசச் சொன்னார்கள். பேசினேன். முன்னால் உட்கார்ந்திருந்த பழனியம்மா தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “ஏங்க சார், இதுல கப்பல் வருமா?” என்று கேட்டார். நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அக்காதான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, “வராதும்மா. ஒங்க காசுல நாங்க போயிப் பாத்துட்டு வந்துட்டோம்” என்றார். அக்கா அந்த வேனில் ஏறவே இல்லை. ஆனாலும் ‘நாங்க’ என்றார். பொட்டலத்தைப் பிரித்திருந்த பெண்கள் ஒவ்வொருவராக மறுபடியும் மடித்து வைத்தார்கள்.

அடுத்த மாதமே ‘உடல்நலக் குறைவால் பொருளாளர் விலகிக்கொண்டார்’ என்று கூட்டக் குறிப்பேட்டில் ஏறியது. அக்காவுக்கு அப்போது ஒரு தலைவலிகூட இல்லை. அப்படி ஒரு கூட்டமும் நடக்கவில்லை. எங்கள் லட்சணம் அதுதான். குறிப்பேடு வீடு வீடாக வரும், நடக்காத கூட்டத்துக்குக் கையெழுத்துப் போடுவோம், டீ வடைச் செலவும் அதில் எழுதியிருக்கும். அந்தப் பக்கத்திலும் என் கையெழுத்து இருக்கிறது. பிறகு எந்த முகத்தோடு போனேனோ, அக்காவைப் பார்க்கப் போனேன். “போட்டுக் குடுத்துட்டீகளா?” என்று மட்டும் கேட்டுவிட்டுக் காப்பி கொடுத்தார். திட்டியிருந்தால் தேவலை.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் செயலாளர் பெரிய மலர்வளையம் வைத்தார். அதில் அறக்கட்டளையின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது, “வளையத்துக்குப் பில் வாங்கியாச்சா?” என்று அவர் யாரிடமோ கேட்டது என் காதில் விழுந்தது. சீ என்று ஆகிவிட்டது.

மூன்றாம் நாள் குறிப்பேட்டைத் தூக்கிக்கொண்டு அவரே என் வீட்டுக்கு வந்தார். இரங்கல் தீர்மானமாம். ‘அனைத்துத் தீர்மானங்களுக்கும் உறுதுணையாக நின்றவர்’ என்று அக்காவைப் பற்றி எழுதி, ஏகமனதாக நிறைவேறியதாகப் போட்டிருந்தது. அதிலும் டீ வடைச் செலவு எழுதியிருந்தது.

“கூட்டம் எப்ப நடந்துச்சு?” என்று கேட்டேன்.

“என்ன சார் நீங்க, போனவுகளப் பத்தி நாலு நல்ல வார்த்தை. இதுக்குமா கூட்டம் போடணும்? சட்டுனு போட்டுக் குடுங்க, இன்னும் நாலு வீடு போகணும்.”

பேனாவை வாங்கி, என் பெயருக்கு நேரே இப்படி எழுதினேன்: ‘கூட்டம் நடக்கவில்லை. பொருளாளர் லூர்துமேரி கேட்ட கேள்விக்குப் பதில்: கழிப்பறையில் கம்பி இருந்ததா என்று நாங்கள் யாரும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.’ படித்தவர் குறிப்பேட்டைப் பிடுங்கிக்கொண்டு போனார். போகும்போது அவர் சொன்னதை அச்சில் போட முடியாது.

அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அவருடைய வேலையைத்தான். போன வாரம் அரசுப் பேருந்தில், என் செலவில், தூத்துக்குடி போய்வந்தேன். நாங்கள் தங்கிய அதே விடுதிக்குப் போய், கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். எழுந்திருக்க முடியவில்லை. வாளியைக் கவிழ்த்து, அதில் கையை ஊன்றி, மூன்றாவது தடவைதான் எழுந்தேன்.

கம்பி இல்லை, அக்கா. இருபத்தாறு பேருக்கும் தபாலில் எழுதிப் போட்டுவிட்டேன், அவர்கள் பணத்தில் போய்வந்த ஆறு பேரின் பெயரோடு. என் பெயரை முதலில் போட்டிருக்கிறேன்.