பன்னிரண்டு மல்வேர்ன் விலாசங்கள்

எங்கள் பிள்ளைகளின் பேஸ்போல் அணிக்கு நான்தான் பதிவாளர். எனக்குப் பந்து எறியவும் தெரியாது, அடிக்கவும் தெரியாது. ஆனால் ஒரு படிவத்தில் கையெழுத்து விடுபட்டிருந்தால் பத்தடி தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவேன். மகள் அணியில் சேர்ந்த முதல் கோடையில், அவளை இறக்கிவிட்டுக் காருக்குள் இருந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டு, படிவங்கள் நிறைந்த ஒரு கோப்பைக் கையில் திணித்துவிட்டார்கள். அன்றிலிருந்து அது என்னுடைய தலையிடி.

போன சித்திரையில் லீக்கிலிருந்து மின்னஞ்சல் ஒன்று வந்தது. ரொறன்ரோவின் கிழக்கிலும் அதற்கு வடக்கிலும் இருந்த மூன்று சிறுவர் லீக்குகளை இரண்டாக்கப் போகிறார்களாம். தன் பகுதியிலேயே வசிக்கும் பன்னிரண்டு பிள்ளைகளைக் காட்டக்கூடிய அணி தனி அணியாக நிற்கலாம். காட்ட முடியாத அணி பக்கத்துப் பெரிய கழகத்தின் இரண்டாவது அணியாக இணைக்கப்படும். கிழக்கு ரொறன்ரோவின் மல்வேர்னில் இருக்கிற எங்கள் அணியின் பெயருக்கு நேரே இப்படி எழுதியிருந்தது: மல்வேர்னில் வசிப்போர் ஆறு பேர், மார்க்கம் கழகத்துடன் இணைக்கப்படும். மாற்றம் ஏதும் இருந்தால் இரண்டு வாரத்துக்குள், இரண்டாவது வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு முன், அத்தாட்சியுடன் அறிவிக்க வேண்டும்.

இணைப்பு என்பது கேட்க நல்ல சொல்லாகத்தான் இருக்கிறது. எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலானோர் மைதானத்துக்கு நடந்து வருகிறவர்கள். வீட்டில் ஒரு கார் இருந்தாலும் அது தகப்பனோடோ தாயோடோ ஷிப்டுக்குப் போயிருக்கும். வடக்கே அடுத்த நகரமான மார்க்கத்தில் பயிற்சி என்றால் ஒரு மாதத்தில் பாதி அணி கரைந்துவிடும். மிச்சப் பிள்ளைகள் அவர்களுடைய உடுப்பைப் போட்டுக்கொண்டு, மேல் அணியில் யாருக்காவது கால் சுளுக்கினால் கூப்பிடுவார்கள் என்று காத்திருக்க வேண்டும். எங்கள் அணி என்று ஒன்று இருக்காது. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

அதைவிட, ஆறு என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? பதினைந்து பிள்ளைகளும் மைதானத்தைச் சுற்றியுள்ள மாடிக் கட்டடங்களிலும் ரவுன்ஹவுஸ் என்கிற வரிசை வீடுகளிலும்தான் இருக்கிறார்கள். பல்கனியில் நின்று தாய்மார் சாப்பிடக் கூப்பிட்டால் எங்களுக்குக் கேட்கும். லீக்கில் யாருக்கோ கண் தெரியவில்லை என்று திட்டிக்கொண்டே கோப்பைத் திறந்தேன். திறந்த பிறகு திட்டுவதை நிறுத்திவிட்டேன்.

ஒன்பது பிள்ளைகளின் விலாசம் மார்க்கம் என்று இருந்தது. ஒன்பதும் தமிழ்ப் பிள்ளைகள். அதில் நான்கு பேர் ஒரே வீட்டில் வசிப்பதாகப் பதிவாகியிருந்தது. அது என் அண்ணனுடைய வீடு. அந்த நால்வரில் ஒருத்தி என் மகள்.

எங்கள் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மார்க்கத்தில் ஒருவர் வீடு வாங்கினால் பால் காய்ச்சும் அன்றே இரண்டு பேர் ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய், "அண்ணை, உங்கட அட்ரஸை ஒருக்கா பாவிக்கலாமோ?" என்று கேட்பார்கள். கார் இன்சூரன்ஸ் அங்கே குறைவு. லைசென்ஸில் அந்த விலாசம் ஏறும், பிறகு அதுவே எல்லாப் படிவத்திலும் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். என் அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்கு வரும் கடிதங்களைப் பையில் கட்டிக்கொண்டு வந்து தபால்காரர் போல விநியோகிப்பார். உண்மையான விலாசம் கொடுத்திருந்த ஆறு பேரும் கயானா, ஜமேக்கா, பிலிப்பைன்ஸ் பிள்ளைகள். அதை நினைக்க எனக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்த பயிற்சியன்று அந்த ஒன்பதில் எங்கள் வீடும் இன்னொரு வீடும் போக மிச்சம் ஏழு வீட்டாரை மைதானத்து வாங்கில்களில் இருத்தி விஷயத்தைச் சொன்னேன். ஒருவரையும் நிமிர்ந்து பார்க்கவிடாத குளிர். ஒருவர் மெதுவாக, "அக்கா, வேற ஆறு பிள்ளையளின்ர பெயரைச் சும்மா எழுதிக் குடுப்பமே? அவை வந்து விளையாட வேணுமெண்டில்லையே?" என்றார்.

"ஒரு பொய்யாலதான் இந்த நிலை. இன்னும் ஆறைச் சேர்த்து எங்க கொண்டுபோய் வைக்கிறது? நான் நாளைக்கு லைசென்ஸில விலாசத்தை மாத்திறன், அதுதான் அத்தாட்சி. விருப்பமான ஆக்கள் மாத்துங்கோ," என்றேன்.

பெரிய வாயாகச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால் கணவர் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"பேஸ்போலுக்காக இன்சூரன்ஸைக் கூட்டப் போறீரோ?"

"நாங்கள் இருக்கிற இடத்துக்கு உள்ளதைக் கட்டப் போறன். பதினெட்டு வருசமா இஞ்ச இருந்துகொண்டு இஞ்ச இல்லையெண்டு சொல்லியிருக்கிறம். உங்களுக்கு அது ஒரு மாதிரி இல்லையோ?"

அவர் கோப்பையைத் திரும்ப இழுத்துச் சாப்பிட்டு முடித்தார். மறுநாள் காலையில் தன்னுடைய லைசென்ஸையும் என் கைப்பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, தானும் வருவதாகச் சொன்னார்.

லைசென்ஸ் அலுவலகத்தில் எங்கள் முறை வந்தபோது கண்ணாடிக்கு அப்பால் இருந்தவள் ஒரு தமிழ்ப் பிள்ளை, இங்கேயே பிறந்தவள். திரையைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். "மார்க்கத்தில இருந்து மல்வேர்னுக்கோ? ஷுவரா அன்ரி? யூஷுவலி எல்லாரும் மற்றப் பக்கம்தான் போவினம்."

"ஓம் பிள்ளை, ஷுவர்," என்றேன். புது விலாசம் அச்சடித்த தற்காலிகக் கடதாசியைக் கையில் வாங்கியபோது, குடியுரிமை எடுத்த அன்றுகூட எனக்கு அவ்வளவு நெஞ்சு நிமிரவில்லை. என் சொந்த வீட்டின் இலக்கம் அதில் இருந்தது.

அதன் பிறகு கடதாசிகள் ஒவ்வொன்றாக வந்தன. ஒரு தாய் வேலைக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டுப் போய் மாற்றிக்கொண்டு வந்தாள். முதலில் ஆறு பெயரைச் சும்மா எழுதச் சொன்னவர் இரண்டாவதாகக் கொண்டுவந்து தந்தார். மூன்று வீட்டார் முடியாது என்று நேரேயே சொல்லிவிட்டார்கள். எனக்குக் கோபம்தான், ஆனாலும் அவர்களுடைய அடுப்பை நான் மூட்டுவதில்லையே என்று விட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் எண்ணிப் பார்த்தேன். எங்கள் வீட்டோடு சேர்த்து ஐந்து. அந்த ஆறு பேரோடு பதினொன்று.

ஒன்பதாவது வீட்டாரிடம் நான் கேட்கவேயில்லை. அந்த வீட்டில் ஒரு தகப்பனும் மகனும் மட்டும்தான். அவர் தன் காரில் உணவகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை செய்கிறவர். அந்தக் காரின் இன்சூரன்ஸ் ஏறினால் நேரே அவருடைய வயிற்றில்தான் அடிக்கும். அதனால் கூட்டத்துக்கும் அவரைக் கூப்பிடவில்லை. நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். உண்மையைச் சொன்னால், என் இரக்க குணத்தை நானே கொஞ்சம் மெச்சிக்கொண்டும் இருந்தேன்.

நான்கு மணிக்குக் கோப்போடு மைதானத்தில் நின்றேன். ஐந்து மணிக்கு லீக் அலுவலகம் மூடிவிடும். பதினொன்றை வைத்துக்கொண்டு கெஞ்சி ஒரு கடிதம் எழுதுவோமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது அவருடைய கார் வந்து வேலியோரம் நின்றது. இறங்கி விறுவிறுவென்று வந்தார். முகம் சரியில்லை.

"அக்கா, ஊர் முழுக்கக் கூட்டம் வைச்சியளாம். எங்களை ஏன் விட்டனீங்கள்?"

"தம்பி, உங்களுக்குக் கஷ்டம் எண்டு எனக்குத் தெரியும். அதால..."

"கஷ்டம் எனக்குத்தானே. அதை நான் சொல்லியிருப்பன். என்ர மகன் உங்கட அணியில முதலாவது பேஸில நிக்கிறான். அவனுக்குத் தகப்பன் இல்லாத மாதிரி நீங்களே முடிவெடுத்திட்டியள்."

ஏழு வீட்டாரையும் மனிதராக மதித்துக் கேட்டவள், இந்த ஒருவரை மட்டும் கேட்கத் தகுதியில்லாதவராக்கி வைத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. "பிழைதான் தம்பி, என்னில பிழைதான்," என்றேன். கண் கலங்கிவிட்டது.

அவர் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த கடதாசியை எடுத்து விரித்து என் கோப்பின் மேல் வைத்தார். அன்று காலையில் எடுத்தது. மல்வேர்ன் விலாசம், மாடி வீட்டின் இலக்கத்தோடு.

"அது கிடக்கட்டும். நேரம் போகுது, எழுதுங்கோ," என்றார்.

நின்ற நிலையிலேயே எழுதினேன். எழுத்து கோணலாகத்தான் வந்தது. கைபேசியில் படம் பிடித்து அனுப்பி, கிடைத்தது என்று லீக்கிலிருந்து பதில் வரும்வரை அவர் நகரவில்லை. அடுத்த மாதம் வந்த புதிய பட்டியலில் எங்கள் அணியின் பெயர் தனியாக நின்றது. அதைப் பார்த்து மற்ற எல்லாரும் என்னைத்தான் பாராட்டினார்கள். நான் அந்தப் பட்டியலை முதலில் அனுப்பியது அவருக்குத்தான். அதன் கீழே, அடுத்த கூட்டம் எப்போது என்பதையும், அவர் கட்டாயம் வர வேண்டும் என்பதையும் எழுதினேன்.