மரம் அரியும் போட்டியில் என் மனைவி

அந்த மனிதரைப் பற்றி என் மனைவி அந்தப் போட்டிக்கு முன் சொன்னதையெல்லாம் சேர்த்தாலும் பத்து வசனம் வராது. அவள் கனடாவில், விட்பி என்ற நகரில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறாள். அங்கே குழாய், விளக்கு, கதவுப் பூட்டு என்று பழுதாவதையெல்லாம் திருத்துபவர் அவர். வெள்ளைக்காரர், அறுபதைத் தாண்டியவர், மனைவியை இழந்தவர். வார இறுதிகளில் ஒஷாவாவுக்கு வடக்கே ஒரு பழைய பண்ணை மாளிகையில் தொண்டராக இருக்கிறார். இலையுதிர் காலத்தில் அங்கே நடக்கும் சந்தைக்கு எங்கள் இரண்டு பேரையும் வரச் சொல்லியிருந்தார். "ரெண்டு பேரையும்" என்று மனைவி இரண்டு தரம் சொன்னாள். ஒரு தரம் சொல்லியிருந்தால் நான் யோசித்திருக்க மாட்டேன்.

நாங்கள் இருக்கும் மார்க்கம் நகரிலிருந்து ஒரு மணித்தியாலக் கார் ஓட்டம். பிள்ளைகள் படிக்க வெளியூர் போனபின் நாங்கள் இருவர் மட்டும் தூரப் பயணம் போவது அதுதான் முதல் தடவை. அவள் போட்டிருந்த சிவப்புச் சுவெட்டரை நான் அதற்கு முன் பார்த்த நினைவில்லை.

"உது எப்ப வாங்கினனீர்?"

"நீங்கள்தான் போன பிறந்தநாளுக்கு வாங்கித் தந்தனியள்" என்றாள்.

நான் வானொலியின் சத்தத்தைக் கூட்டினேன்.

மாளிகை செங்கல்லால் கட்டியது. முன்வாசலில் வெள்ளைத் தூண்கள். ஒரு காலத்தில் ஒரே குடும்பம் அந்த வீட்டையும் சுற்றியிருந்த நிலத்தையும் ஆண்டதாம். இப்போது வீட்டுக்குள் போகக் கயிறு கட்டி வரிசை விட்டிருந்தார்கள். வெளியே புல்வெளி முழுக்கக் கூடாரங்கள். சனங்கள் பூசணிக்காய்களை நிறுத்துப் பார்த்தார்கள், செம்மறிகளுக்குப் புல் கொடுத்தார்கள், வைக்கோல் ஏற்றிய வண்டியில் ஏறிச் சுற்றினார்கள்.

அந்த மனிதர் வாசலிலேயே நின்றார். என் மனைவியின் பெயரில் ஒரு ழகரம் இருக்கிறது. எங்கள் சொந்தக்காரரிலேயே பாதிப் பேருக்கு அது வராது. அவர் அந்தப் பெயரை முழுதாக, ழகரம் வழுக்காமல் சொல்லி வரவேற்றார். என்னுடைய வேலையிடத்தில் பதினைந்து வருடமாக என் பெயரின் முதல் பாதியைத்தான் கூப்பிடுகிறார்கள்.

"உவருக்கு ஆர் சொல்லிக் குடுத்தது?" என்று தமிழில் கேட்டேன்.

"நான்தான். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில. ஒரு கிழமை எடுத்தது" என்றாள். சொல்லும்போது சிரித்தாள்.

பிறகு அவர் எங்களுக்குத் தேநீர் வாங்கி வந்தார். நான் அவளுடைய கோப்பைக்குச் சீனி எடுக்கக் கை நீட்டினேன். அவள் சீனியை விட்டுக் கனகாலம் என்று அவர் எனக்கு ஆங்கிலத்தில் சொன்னார். தன்மையாகத்தான் சொன்னார். வீட்டில் தேநீர் போடுவது எப்போதும் அவள்தான். அவளுடைய கோப்பைக்குள் என்ன இருக்கிறது என்று நான் எட்டிப் பார்த்ததே இல்லை.

மத்தியானம் மரம் அரியும் போட்டி தொடங்கியது. இரண்டு முனையிலும் பிடி வைத்த, பல்லுள்ள நீளமான மரமரியும் வாள். ஆணும் பெண்ணுமாக இருவர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, கிடத்தி வைத்திருக்கும் மரக்குற்றியை அரிய வேண்டும். பெரும்பாலும் கணவன் மனைவிகள்தான் வந்து நின்றார்கள்.

"நாங்களும் செய்து பாப்பமே?" என்றாள் மனைவி.

அத்தனை பேர் முன்னால் தோற்றுப்போய் நிற்பதை நினைத்தேன். "ஏலாது, தோள் நோகுது" என்றேன். என் தோளில் ஒரு நோவும் இருக்கவில்லை.

அவள் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். பிறகு அவரிடம் திரும்பி ஏதோ கேட்டாள். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு வந்தார். என்னிடமும் பார்வையால் அனுமதி கேட்டார். நான் தலையாட்டினேன். வேறென்ன செய்வது?

முதல் இரண்டு இழுவையும் கோணல். அவர் ஏதோ சொன்னார், அவள் கால்களை அகட்டி நின்றாள். அதற்குப் பிறகு வாள் ஒரே சீராக ஓடத் தொடங்கியது. அவர் இழுக்க இவள் விட்டாள், இவள் இழுக்க அவர் விட்டார். அவளுடைய முகம் சிவந்து, தலைமயிர் அவிழ்ந்து தோளில் விழுந்தது. அவளை அப்படி நான் பார்த்து எத்தனை வருடம் இருக்கும் என்று எண்ணவும் எனக்குப் பயமாக இருந்தது. மரத்துண்டு விழுந்ததும் சனங்கள் கைதட்டினார்கள். இந்தக் கணவன் மனைவிக்கு இரண்டாம் இடம் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அவள் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள், திருத்தவில்லை. அவரும் திருத்தவில்லை.

எனக்குப் பக்கத்தில் நின்ற கிழவி, நல்ல பொருத்தமான சோடி என்றாள். நான் "ஓம்" என்று தமிழில் சொல்லிவிட்டு அங்கிருந்து நடந்தேன்.

செம்மறிப் பட்டிக்குப் பக்கத்தில் எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. திரும்பி வந்தபோது போட்டி முடிந்து, வாள்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். "வாரும், நானும் அரியிறன்" என்று மனைவியின் கையைப் பிடித்தேன். "உங்கட தோள்?" என்றாள். நான் கேளாதவன் போலப் போய்ப் பிடியைப் பிடித்தேன். அவர் ஒரு சிறிய குற்றியை எடுத்து வைத்துவிட்டு விலகி நின்றார். நான் பலம் முழுவதையும் போட்டுத் தள்ளினேன். வாள் வளைந்து இறுகியது. தள்ள வேண்டாம், இழுத்தால் மட்டும் போதும் என்று அவர் சொன்னார். நான் திரும்பவும் தள்ளினேன். பாதியில் இறுகிய வாளைப் பிறகு அவர்தான் ஆப்பு வைத்து எடுத்தார்.

திரும்பி வரும்போது ஒஷாவாவைத் தாண்டினோம்.

"தோள் நோ எண்டது பொய்" என்றேன்.

"தெரியும்."

"அப்ப ஏன் ஒண்டும் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தா அதுக்கும் கோவிச்சிருப்பியள்."

கடைசியில் கேட்டுவிட்டேன். "அவருக்கு உம்மில விருப்பமோ?"

அவள் சிரிக்கவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "இருக்கலாம். அவர் ஒண்டும் கேக்கேல்லை, எனக்கும் அப்பிடி ஒரு நினைப்பில்லை" என்றாள். கொஞ்சத் தூரம் போனபின், "ஆனா நான் ஒரு கதை தொடங்கினா முடியும்வரைக்கும் கேக்கிற ஆள் அவர்" என்றாள்.



திங்கட்கிழமை அவள் வேலை முடிந்து வந்ததும், இன்றைக்கு என்ன சமைத்தீர் என்று கேட்டேன். எனக்கு ஏதோ தேவை இருக்கிறது என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். பிறகு கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, சூப்பில் கிடக்கும் பட்டாணியை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மேசைவிரிப்புக்குக் கீழே ஒளிக்கும் ஒரு முதியவரைப் பற்றிச் சொன்னாள். அதைச் சுத்தம் பண்ண வந்தவர் அந்த மனிதர். அவருடைய பெயர் வந்ததும் எனக்கு நெஞ்சுக்குள் சுருக்கென்றது. இன்றைக்கும் அப்படித்தான். ஆனாலும் எழும்பிப் போகாமல் இருந்து, அவள் சொல்லி முடிக்கும்வரை கேட்டேன்.