பகல்ல பூக்காத அல்லிக்குளம்

காலையில பஸ் ஜன்னல் கம்பி ஜில்லுன்னு இருக்கும்... அதுல நெத்திய வச்சுக்கிட்டு அரைத்தூக்கத்துல போவேன். வாசுதேவநல்லூர் தாண்டுனதும் குளத்துப் பச்சை வாசம் வரும். கண்ணத் தொறந்தா, குளம் பூரா வெள்ளை அல்லி!

அப்போ எனக்கு சிவகிரியில ஒரு உரக்கடையில வேலை. சங்கரன்கோவில்ல மொத பஸ் ஏறுவேன். திரும்பி வரும்போது நல்லா இருட்டிரும்.

கல்யாணமான புதுசு. அவளுக்குச் சொந்த ஊரு கரிசக்காட்டுப் பக்கம். எங்க தெருவுலயோ ராப்பகலா தறிச்சத்தம். பாவம், அவளுக்குத் தூக்கமும் இல்ல, யாருகூடயும் பேச்சும் இல்ல. ஒரு சனிக்கிழமை அழுதுக்கிட்டே சொல்லிட்டா...

"எனக்கு இங்கன ஒட்டல. எங்கம்மா வீட்டுல கொண்டு விட்டுருங்க."

எனக்குப் பக்குன்னு ஆயிட்டு. அவ போனா திரும்பி வரமாட்டாள்னு மனசு சொல்லுது.

"திங்கக்கிழமை கொண்டு விடுதேன். நாளைக்கு ஒரே ஒரு இடம் காட்டுதேன், வா"ன்னேன்.

மத்தியானச் சாப்பாட்ட முடிச்சுட்டு, பெரிய இவன் மாதிரி கூட்டிட்டுப் போனேன். பஸ்ஸ விட்டு எறங்கிப் பாத்தா... வெறும் இலை! ஒத்தப் பூவக் காணோம். "எவனோ பூராத்தையும் பறிச்சுட்டுப் போயிட்டான்"னு நான் குதிக்க, கரையில டீக்கடை வச்சிருந்த அக்கா விழுந்து விழுந்து சிரிச்சா.

"ஏ தம்பி, அல்லி வெயிலுக்கு மூடிக்கிடும்லா! பொழுது சாயட்டும்."

சரின்னு புளியமரத்தடியில உக்காந்தோம். பேசுறதத் தவிர வேற சோலி இல்ல. அவ பருத்திக்காட்டப் பத்திச் சொன்னா, செத்துப்போன அவ அப்பாவப் பத்திச் சொன்னா. நானும் என்னென்னமோ உளறுனேன்.

வெயில் மெல்ல மெல்ல மங்கி... அங்கன ஒண்ணு, இங்கன ஒண்ணுன்னு மொட்டு வாயத் தொறக்க ஆரம்பிச்சிட்டு. அவ பேச்ச நிறுத்திட்டா. இருட்டுததுக்குள்ள குளமே வெள்ளையா ஆயிட்டு. எந்திரிக்க மனசே வரல.

திரும்புத பஸ்ல, "திங்கக்கிழமை வேண்டாம். பொறவு பாத்துக்கிடலாம்"னா.

இப்போ எங்க பிள்ளைகளுக்கே கல்யாண வயசு. போன வாரம் அந்த வழியா கார்ல போனோம். குளம் பூரா ஆகாயத்தாமரை... உச்சி வெயில்லயும் ஊதாவா பூத்துக் கெடக்கு. அழகுதான், இல்லைன்னு சொல்லல. ஆனா அல்லி ஒண்ணுகூட கண்ணுல படல. எனக்கு ஒரு மாதிரி ஆயிட்டு.

"வண்டிய நிறுத்தட்டா?"ன்னேன்.

வேண்டாம்னு தலையாட்டுனா. கொஞ்ச தூரம் போன பொறவு, வெளிய பாத்துக்கிட்டே சொன்னா...

"அன்னைக்கு நாம போனதுமே பூ பூத்திருந்துச்சுன்னா, பாத்துட்டு நான் ஊருக்குப் போயிருப்பேன்."