என்னை வேறு வைத்த கதை

டாக்டர் என் ரத்தப் பரிசோதனையில் கொழுப்பு அளவைப் பார்த்துவிட்டு, எண்ணெயை மறந்துவிடுங்கள் என்றார். காரைக்குடியில் யாரிடம் சொன்னாலும் அது கஷ்டமான காரியம். என்னிடம் சொன்னது கொஞ்சம் அநியாயம். என் வீட்டில் காலையிலிருந்து பொழுது சாயும்வரை இரண்டு பெரிய இருப்புச்சட்டிகளில் எண்ணெய் காய்ந்துகொண்டே இருக்கும். என் மனைவி பலகாரம் செய்து விற்கிறாள். தேன்குழல், மனகோலம், சீப்புச் சீடை, அதிரசம் என்று அவள் கைப்பக்குவம் கப்பல் ஏறாத குறையாக எல்லாத் தேசத்துக்கும் பார்சலில் போகிறது.

நான் வடக்கே ஒரு சிமெண்டு கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சொந்த ஊருக்கு வந்து சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தேன். என் ஓய்வு ஆரம்பித்த மாதத்திலேயே அவளுடைய வேலை ஆரம்பித்துவிட்டது. பங்காளிகள் பூட்டிப் போட்டுவிட்டுப் போன வீடு அது. முன்பக்கம் முழுக்கப் பூட்டுகள். பின்கட்டில் மட்டும் அடுப்பும் புகையும் ஆள் சத்தமுமாக ஒரு சின்ன ஆலையே நடக்கிறது. சாக்கோட்டையிலிருந்து பஸ் பிடித்து இரண்டு பெண்கள் வேலைக்கு வருகிறார்கள். அவர்கள் என் மனைவியை ஆச்சி என்பார்கள். என்னை ஐயா என்பார்கள். ஆனால் யார் சொல்லைக் கேட்கவேண்டும் என்பதில் அவர்களுக்கு ஒரு நாளும் குழப்பம் வந்ததில்லை.

டாக்டர் சொன்னது அமெரிக்காவில் இருக்கும் என் மகளுக்குப் போய்ச் சேர்ந்தது. அடுத்த வாரமே வாசலில் ஒரு பெட்டி வந்து இறங்கியது. ஏர் ஃப்ரையர். பார்ப்பதற்குக் கறுப்பாக, குண்டாக, ஒரு மூலஸ்தானத்துக்கு உரிய தோரணையில் இருந்தது. எண்ணெயே இல்லாமல் வெறும் சூட்டுக் காற்றில் பொரிக்குமாம். என் மனைவி அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். காற்றில் பொரிந்தால் அதற்குப் பேர் காய்ந்து போவது என்று சொல்லிவிட்டுச் சீடை மாவைப் பிசையப் போய்விட்டாள்.

மகள் வீடியோவில் வந்து பாடம் நடத்தினாள். அவகாடோவை இரண்டாக வெட்டி, கொட்டையை எடுத்துவிட்டு, அந்தப் பள்ளத்தில் ஒரு முட்டையை உடைத்து ஊற்றவேண்டும். மேலே உப்பும் மிளகும். உள்ளே தள்ளிப் பட்டனைத் தட்டினால் போதும்.

“பத்து நிமிஷத்துல டிபன் ரெடி, அப்பச்சி. ஆத்தாளை எதுக்கும் கூப்பிட வேண்டியதில்ல.”

எங்கள் பக்கம் அப்பச்சி என்றால் அப்பா, ஆத்தாள் என்றால் அம்மா. அந்தப் பத்து நிமிஷ டிபனைச் செய்து முடிக்க எனக்கு ஏறக்குறைய இரண்டு மாதம் ஆயிற்று.

முதலில் பழம் வேண்டும். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பழக்கடையில் அவகாடோ என்று கேட்டேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். படத்தைக் காட்டியதும், “பட்டர் ஃப்ரூட்டுன்னு சொல்லுங்க” என்று கொடைக்கானல் மலையிலிருந்து வந்த ஒரு கூடையைக் காட்டினார். ஜூஸ் கடைக்காரர்கள்தான் எடுத்துப்போவார்களாம், வீட்டுக்கென்று யாரும் கேட்டதில்லையாம். வெண்ணெய் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வெண்ணெய் என்றே பெயர் வைத்த பழத்தை நாலைந்து வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, வைத்தியத்துக்குக் கட்டுப்பட்டவனாக வீடு வந்தேன்.

மறுநாள் காலையில் வெட்டினேன். வெட்டவில்லை, அறுத்தேன். பழம் கல்லாக இருந்தது. எப்படியோ இரண்டாக்கி, பள்ளத்தில் முட்டையை ஊற்றினேன். பள்ளம் ஒரு காடை முட்டைக்குத்தான் காணும். கோழி முட்டை வழிந்து தட்டெல்லாம் ஓடியது. மிச்சத்தை உள்ளே வைத்துப் பட்டனைத் தட்டினேன். அன்றைக்கு ஒரு கல்யாண வீட்டுக்குக் கந்தரப்பம் ஆர்டர். பின்கட்டில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. என் பெட்டி உறுமிய அடுத்த கணம் வீடு முழுக்க மின்சாரம் போய்விட்டது. தாத்தா காலத்து ஒயரிங். கிரைண்டரையும் ஏர் ஃப்ரையரையும் சேர்த்துத் தாங்க அதற்குத் தெம்பில்லை.

எலக்ட்ரீஷியன் சாயங்காலம்தான் வந்தார். அரைகுறையாக அரைபட்ட மாவை வேலைக்காரப் பெண்கள் ஆட்டுக்கல்லில் போட்டு மாற்றி மாற்றி ஆட்டினார்கள். ஆட்டிக்கொண்டே ஒருத்தி என்னைப் பார்த்துக் கேட்டாள்.

“ஐயா, ஒத்த முட்டையத் தோசைக் கல்லுல ஊத்துனா ஆகாதா? அதுக்கு ஏன் இம்புட்டுப் பாடு படுறீக?”

என் மனைவி சிரிக்கவில்லை. நியாயமாக அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

மிச்சம் இருந்த பழங்களைப் பழுக்க வைக்க வேண்டும். அரிசிக்குள் புதைத்தால் சீக்கிரம் பழுக்கும் என்று செல்போனில் படித்தேன். எங்கள் வீட்டில் அரிசிக்குப் பஞ்சமில்லை. தேன்குழலுக்கென்று தனியாக வாங்கி வைத்திருந்த பச்சரிசி டிரம்முக்குள், யாருக்கும் தொந்தரவு வேண்டாமென்று நன்றாக அடியில் தள்ளிப் புதைத்து வைத்தேன். இரண்டொரு நாளில் எடுத்துவிடலாம் என்றிருந்தேன். இடையில் தேவகோட்டையில் சொந்தக்காரர் ஒருவர் இறந்து கேதம் வந்தது; போய்வந்த அலைச்சலில் மறந்துவிட்டது.

ஒரு நாள் காலை பின்கட்டிலிருந்து என் மனைவி என்னைக் கூப்பிட்டாள். குரலில் கோபம் இல்லை. ரொம்ப மரியாதையாக இருந்தது. போய்ப் பார்த்தால், பெரிய அண்டாவில் டிரம்மைக் கவிழ்த்து, விடியாத இருட்டில் கவனிக்காமல் தண்ணீர் ஊற்றிக் களைந்திருக்கிறார்கள். உள்ளே பழங்கள் நன்றாகவே பழுத்திருந்தன. செல்போனில் போட்டிருந்தது பொய்யில்லை. களைந்த கைகளில் அவை நசுங்கி, ஒரு அண்டா அரிசியும் பச்சைக் களிம்பு பூசிக்கொண்டு நின்றது. எத்தனை தண்ணீர் மாற்றியும் அந்த வழுவழுப்புப் போகவில்லை. தேன்குழலுக்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்தவர்களுக்கு அவளே போன் பண்ணித் தள்ளிப் போட்டாள். அரிசி பக்கத்து வீட்டு மாட்டுக்குப் போயிற்று. மாடும் ஒரு வாய் எடுத்துவிட்டு யோசித்ததாகக் கேள்வி.

அன்று மத்தியானம் சாப்பாடு ஆனபிறகு அவள் வந்து எதிரே உட்கார்ந்தாள்.

“உங்களை வேறு வச்சிரலாம்னு இருக்கேன்” என்றாள்.

எங்கள் சாதியில் இது பழைய வழக்கம். மகனுக்குக் கல்யாணம் ஆனால், அதே வீட்டுக்குள் அவனுக்கும் மருமகளுக்கும் தனி அடுப்பும் தனிச் சாமானும் கொடுத்துப் பிரித்து வைத்துவிடுவார்கள். சண்டை போட்டுப் பிரிவதில்லை. சண்டை வருவதற்கு முன்னாலேயே பிரித்துவிடும் ஏற்பாடு. ஆனால் பேரன் எடுத்த ஒருவனை அவன் பெண்டாட்டியே வேறு வைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அதைச் சொன்னேன். எல்லாத்துக்கும் ஒரு ஆரம்பம் வேணுமே என்றாள்.

அவள் செய்கிற காரியம் எதிலும் குறை இருக்காது. முன்பக்கம் எங்கள் பங்குக்கு வந்த ஓர் அறையில் பழைய பெட்டிகளை ஒதுக்கினாள். ஒரு மேசை போட்டாள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த அறைக்கு மட்டும் தனி லைன் இழுக்கச் சொன்னாள். எனக்கென்று ஒரு தட்டு, கரண்டி, கத்தி, உப்புக்கும் மிளகுக்கும் இரண்டு டப்பா, நாலு பீங்கான் கிண்ணம். ஏர் ஃப்ரையரை வேலைக்காரப் பெண்கள் இருவரும் தூக்கிவந்து மேசையில் வைத்தார்கள். புதுமணப் பெண்ணைக் கொண்டுவந்து விடுவதுபோல முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. காலைச் சாப்பாடு இனிமேல் உங்கள் பாடு என்று சொல்லிவிட்டு என் மனைவி போனாள்.

தனியாக விடப்பட்டவனுக்குப் புத்தி வரும் என்பது என் விஷயத்தில் கொஞ்சம் உண்மையாயிற்று. அவகாடோவைச் சூடாக்கினால் கசந்துபோகிறது. அதை என் மகளும் சொல்லவில்லை, செல்போனும் சொல்லவில்லை. நாலைந்து நாள் காலையில் கசப்பைத் தின்றுதான் தெரிந்துகொண்டேன். பிறகு பழத்தை உள்ளே வைப்பதையே விட்டேன். பீங்கான் கிண்ணத்தில் முட்டையை உடைத்து ஊற்றி, நறுக்கின சின்ன வெங்காயம் கொஞ்சம் தூவி, அதை மட்டும் உள்ளே வைத்தேன். அது வேகிற நேரத்தில் பழத்தைக் கரண்டியால் மசித்து, எலுமிச்சம்பழம் பிழிந்து, உப்பும் மிளகும் போட்டேன். முட்டையை எடுத்து மசியலின் மேல் கவிழ்த்தால் மஞ்சள் கரு அசங்காமல் உட்கார்ந்தது. சத்தியமாக நன்றாக இருந்தது. படம் எடுத்து மகளுக்கு அனுப்பினேன். அவள் உடனே பதில் போட்டாள். சூப்பர் அப்பச்சி என்று முதல் வரி. ஆத்தாளிடம் சொல்லிச் சீப்புச் சீடை இன்னும் இரண்டு பாக்கெட் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள் என்று இரண்டாவது வரி.

இப்படியே ஓடிக்கொண்டிருந்தபோது மறுபடியும் ரத்தம் கொடுக்கும் நாள் வந்தது. கடைவீதியில் ஏதோ வாங்கவேண்டும் என்று அவளும் கூட வந்தாள். பரிசோதனை நிலையத்தில் ஊசி போடும் பெண், அம்மாவுக்கும் எடுத்துவிடலாமா என்று சும்மா கேட்டாள். என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு வளையலை மேலே தள்ளிக்கொண்டு கையை நீட்டினாள்.

“எடுங்க. எண்ணெய்க்குப் பக்கத்துல நின்னாலும் அதை வாயில வைக்காதவ உடம்பு எப்படி இருக்கும்னு இவுகளும் பாக்கட்டும்.”

மறுநாள் முடிவுகள் செல்போனுக்கு வந்தன. என்னுடையது முன்பு இருந்த இடத்திலேயே அசையாமல் இருந்தது. அவளுடையது என்னுடையதைவிட நிறைய மேலே இருந்தது. பெயர் மாறிவிட்டதோ என்று நிலையத்துக்கே போன் பண்ணிக் கேட்டேன். மாறவில்லை என்றார்கள்.

டாக்டர் அவளிடம் பொறுமையாகக் கேட்டார். பலகாரம் சாப்பிடுவதில்லை என்றாள். ருசிகூடப் பார்ப்பதில்லையா என்றார். பதம் பார்க்காமல் எப்படி ஒரு ஈடு பலகாரத்தைச் சட்டியிலிருந்து எடுப்பது என்று அவள் திருப்பிக் கேட்டாள். ஒவ்வொரு ஈட்டிலும் ஒன்று என்று அவளே சொல்லிக்கொண்டு வந்து, ஒரு நாளைக்கு எத்தனை ஈடு என்ற இடத்தில் நிறுத்திக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவள் முந்தானை நுனியைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படிச் செய்து நான் பார்த்தது எங்கள் மகளுக்குக் காய்ச்சல் முற்றி ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான்.

வீட்டுக்கு வரும்வரை ஆட்டோவில் அந்த ஈட்டுக் கணக்கை நான் எடுக்கவில்லை. அந்த அளவுக்கு எனக்குப் புத்தி வந்திருந்தது.

மறுநாள் காலை நான் என் அறையில் முட்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். அவள் வந்து வாசல்படியில் நின்றாள். இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்கார்ந்தாள். இரண்டாவது கிண்ணத்தை எடுத்து இன்னொரு முட்டையை உடைத்தேன். ஓட்டில் ஒரு துண்டு உள்ளே விழுந்தது, அதைக் கரண்டியால் எடுத்தேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். கல்யாணம் ஆன இத்தனை வருஷத்தில் நான் சமைத்து அவள் சாப்பிட்டதில்லை. சரியாகச் சொன்னால், காலைச் சாப்பாட்டை நாங்கள் சேர்ந்து உட்கார்ந்தே சாப்பிட்டதில்லை. நான் கம்பெனிக்கு ஓடுவேன். அவள் எல்லாம் முடித்துவிட்டு அடுப்படியில் எப்போதோ சாப்பிடுவாள். ஓய்வு பெற்றபிறகும் அப்படியே பழகிவிட்டது.

தட்டை அவள் முன்னால் வைத்தேன். ஒரு வாய் எடுத்து நிதானமாக மென்றாள். பலகாரத்துக்குப் பதம் பார்க்கிற அதே முகம்.

“உப்பு பத்தாது” என்றாள்.

டப்பாவை நகர்த்தி வைத்தேன். போட்டுக்கொள்ளவில்லை. அப்படியே தின்று முடித்தாள். தட்டைத் துடைத்தமாதிரி வழித்துவிட்டுக் கேட்டாள்.

“எனக்கு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா, நீங்க இந்த ஒத்த முட்டைய வச்சுக்கிட்டா இருப்பீக?”

ஒன்றும் ஆகாது என்று சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். நம்பியதுபோலவும் இருந்தது, எனக்காக நம்பியதுபோலவும் இருந்தது.

அன்றிலிருந்து தினமும் வருகிறாள். பதம் பார்க்கிற வேலையைச் சாக்கோட்டைப் பெண்களில் ஒருத்தியிடம் கொடுத்தாள். அந்தப் பெண்ணுக்கு எல்லாமே நன்றாக இருந்தது. ஒரு தடவை சிங்கப்பூரிலிருந்து உப்புக் கரித்த சீடையைப் பற்றிப் புகார் வந்தது. அதற்குப் பிறகு ஒரு நாளைக்கு ஒன்றே ஒன்று என்று தனக்குத்தானே சட்டம் போட்டுக்கொண்டு என் மனைவியே பார்க்கிறாள். என் மசியலில் பச்சைமிளகாயும் இஞ்சியும் தட்டிப் போட்டு அதைத் துவையலாக மாற்றிவிட்டாள். இப்போது மகள் அந்தத் துவையலின் செய்முறையைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அடுத்த பரிசோதனையில் அவளுடைய கொழுப்பு நன்றாக இறங்கியிருந்தது. என்னுடையது பழைய இடத்தைவிட்டு நகரவில்லை. சிலருக்குப் பரம்பரையாகவே அப்படித்தான், சாப்பாட்டில் மட்டும் இறங்காது, மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். இதை முதல் நாளே எழுதியிருக்கலாமே என்று எனக்குத் தோன்றியது.

நேற்றுக் காலை அவள் தட்டில் பாதி இருக்கும்போதே பின்கட்டிலிருந்து ஆச்சி என்று கூப்பிட்டார்கள். எண்ணெய் காய்ந்துவிட்டதாம். காயட்டும், அடுப்பைக் குறைச்சு வைங்க, சாப்பிட்டுட்டு வாரேன் என்று இங்கிருந்தே குரல் கொடுத்துவிட்டு, அவள் முட்டையைப் பிட்டுத் துவையலில் தொட்டாள்.