தமிழில் மட்டும் திறந்த கேட்

லீனாவும் பள்ளிக்கூடமும் படிவம் மூன்றோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, பிரிந்துவிட்டார்கள். யார் யாரை விட்டது என்பதில் இன்னும் தகராறு உண்டு. அதற்கப்புறம் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரி, லிட்டில் இந்தியா சேலைக்கடை என்று சுற்றிவிட்டு, தீவின் பின்பக்கத்துப் பாலிக் பூலாவில் நூர்ஜான் அக்காவின் விடுமுறை வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். தங்க வருகிறவர்களை நடக்கக் கூட்டிப்போவது அவள் வேலை.

"நடக்கிறதுக்குச் சம்பளமா?" என்று அம்மா கேட்டாள்.

"உக்காந்திருக்கிறதுக்கே சில பேருக்குக் குடுக்கிறாங்கம்மா."

வயல் வரப்பில் கொக்குகளைப் பார்த்தபடி போய், டுரியான் பழத் தோட்டத்தில் ஏறி இறங்கினால் கடல். முதலில் சத்தம்தான் வரும். வளைவு திரும்பியதும் மொத்தமும் ஒரே வீச்சில் தெரியும். அந்த இடத்தில் லீனா செருப்பு வார் அறுந்த மாதிரி குனிந்து பின்தங்கிவிடுவாள். கடலைப் பார்க்கிறவர்களுக்கு முன்னால் தன் மண்டை நிற்கக்கூடாது என்றுதான். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அந்தத் தோட்டத்தை ஒரு கம்பெனி வாங்கியது. பாதையின் குறுக்கே வேலி வந்தது, கேட் வந்தது, காவலுக்குச் செபராங் ஜெயாவிலிருந்து ராமசாமி வந்தார். கேட்டில் நான்கு மொழியில் ஒரு போர்டும் தொங்கியது.

"கடல் இல்லேன்னா இங்க யாரு வந்து தங்குவா? வீட்ட மூடிட்டு டவுனுக்கு, சூலியா தெருவுக்கே போயிர வேண்டியதுதான்" என்றார் நூர்ஜான் அக்கா.

லீனா மறுநாளும் கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு குடும்பத்தோடு கேட்டுக்குப் போனாள்.

"போக முடியாது லா, தங்கச்சி. போர்ட பாக்கல?" என்றார் ராமசாமி.

"பாத்தேண்ணே. அதான் பயந்து ஓடி வர்றேன். தமிழ்ல வாசிங்க."

அவர் விரல் வைத்து வாசித்தார். 'அனுமதியின்றி உள்ளே வராதவர்கள் தண்டிக்கப்படுவார்கள்.' விரல் நின்றது.

"வராதவர்கள்னா போட்டிருக்கான்?"

"வீட்டுல சும்மா இருந்தா தண்டனை. பெர்மிஷன் கேட்டுட்டு வந்தாலும் தண்டனை. கேக்காம நுழைஞ்சாதான் தப்பிக்கலாம். எனக்கு எதுக்குண்ணே வம்பு?"

"மேல மலாய்ல தெளிவா இருக்கே."

"எனக்கு மலாய் வராதுண்ணே."

சற்றுமுன் அவள் போனில் மீன்காரரோடு மலாயில் சண்டை போட்டதை அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். மீசையைத் துடைக்கிற சாக்கில் சிரிப்பையும் துடைத்துவிட்டு, கேட்டைத் திறந்தார்.

அப்படியே தினமும் நடந்தது. ஒருநாள் மேனேஜர் வந்து நேரில் பார்த்துவிட்டார். போலீசைக் கூப்பிடுவேன் என்றார்.

"கூப்பிடுங்க சார். அவங்களுக்கும் இந்தப் போர்ட வாசிச்சுக் காட்டுறேன்" என்றாள் லீனா, அழகான மலாயில். ராமசாமிக்கு இருமல் வந்தது. தமிழ் வரி தப்பு என்று அவரே விளக்க வேண்டியதாயிற்று. மேனேஜருக்குத் தமிழ் தெரியாது. முகம் சிவந்து, "நீயே சரியா எழுதிக் குடு" என்று ராமசாமியிடம் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

சாயங்காலம் லீனா கேட்டுக்கு வந்தபோது ராமசாமி காகிதமும் பேனாவுமாக நின்றார். "எனக்கு வாசிக்க வரும், எழுத வராது. நீதான் எழுதணும். ஒழுங்கா எழுது. எனக்கு வேலை முக்கியம்."

லீனா பேனாவை வாங்கவில்லை. "அந்த வளைவுக்குப் போயிருக்கீங்களாண்ணே?"

"நான் கேட்டத் தாண்டினதே இல்ல."

"போய்ப் பாத்துட்டு வாங்க. கேட்ட நான் பாத்துக்கிறேன். வந்தப்புறமும் மூடணும்னு சொன்னீங்கன்னா, மூடுற மாதிரியே எழுதித் தர்றேன்."

அவர் முனகிக்கொண்டே போனார். திரும்பி வரக் கொஞ்சம் நேரமாயிற்று. வந்தவர் தொப்பியைக் கையில் வைத்திருந்தார். பேனாவை மட்டும் நீட்டினார்.

புதுப் போர்டு வந்தது. மலாய், ஆங்கிலம், சீனம் மூன்றும் முன்பு போலவே உறுமின. கடைசி வரி மட்டும் இப்படி இருந்தது: 'கடலுக்குப் போகிறவர்கள் கேட்டைச் சாத்திவிட்டுப் போகவும். மாடு வரும்.'

ராமசாமி விரல் வைத்து நிதானமாக வாசித்தார். "எழுத்துப்பிழை இல்லையே?"

"ஒண்ணுகூட இல்லண்ணே."

"மேனேஜருக்கு யாராச்சும் வாசிச்சுக் காட்டிட்டா?"

"அப்ப மாட்டத் தேடச் சொல்லுங்க."

அவர் கேட்டைத் திறந்தார். லீனாவும் விருந்தாளிகளும் உள்ளே போனதும், போர்டில் சொன்னபடியே சாத்தினார்.